எப்.பி.எஸ். மாஸ்டரும் எட்டு வயதுக் கம்ப்யூட்டரும்

முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கென்று தனியாக ஒரு நாடு உண்டானால், அதற்கு ஜனாதிபதியாக எப்.பி.எஸ். மாஸ்டரைத்தான் உட்கார வைக்க வேண்டும். என்ன ஒன்று, இப்போது பதவியேற்கலாமா, கொஞ்சம் காத்திருந்தால் இதைவிட நல்ல பதவி வருமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பதவிக்காலமே முடிந்து போயிருக்கும்.

திண்டுக்கல்லில் நான் நான்கு வருஷம் குடியிருந்த காம்பவுண்டில் வரிசையாக ஐந்து வீடுகள். முதல் வீடு மாஸ்டருடையது, இரண்டாவது என்னுடையது. நான் அப்போது ஒரு விதைக் கம்பெனியில் விற்பனை வேலையில் இருந்தேன். கத்தரி விதையையும் வெண்டை விதையையும் பையில் போட்டுக்கொண்டு ஆத்தூர், ஒட்டன்சத்திரம் என்று அலைகிற பிரம்மச்சாரி. மாஸ்டர் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் பி.டி. ஆசிரியர். நாற்பத்தைந்து வயது. "ஏலே, செல்போன நோண்டாம கிரவுண்டுக்கு ஓடுங்கலே!" என்று பகல் முழுக்கப் பிள்ளைகளை வெயிலில் விரட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் தொங்கும் விசிலைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் விளையாடுவார். ஓடு, ஆடு என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

எப்.பி.எஸ். என்பது அவர் இனிஷியல் இல்லை. விளையாட்டு ஓடும்போது ஒரு நொடிக்குத் திரையில் எத்தனை படங்கள் நகர்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதற்குத்தான் எப்.பி.எஸ். என்று பெயர். அறுபது வந்தால் கார் வழுக்கிக்கொண்டு ஓடும். மாஸ்டரின் கம்ப்யூட்டரில் பதினாறைத் தாண்டாது. கார் தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும். அதனாலோ என்னவோ, உலகத்தில் உள்ள அத்தனையையும் அவர் எப்.பி.எஸ்.ஸில்தான் அளந்தார். பஸ் மெதுவாகப் போனால், "பத்து எப்.பி.எஸ். கூடத் தேறாது." டீக்கடையில் தாமதமானால், டீ மாஸ்டரிடம், "ஒம்ம கையி லேக் ஆகுதய்யா, விட்டு விட்டு ஓடுது." தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது.

இந்தப் பெயரைக் கேட்டு, ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். மாதிரி இதுவும் ஒரு பெரிய உத்தியோகம் என்று நினைத்து ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி நிலத்தகராறு மனுவோடு வந்து நின்றார். மாஸ்டர் மனுவை வாங்கி, அரை மணி நேரம் முன்னும் பின்னும் புரட்டிப் படித்துவிட்டு, "கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்யா" என்றார். விவசாயி கும்பிட்டுவிட்டுத் திருப்தியாகப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "ஆபீசருன்னா இப்படித்தான்யா நிதானமா இருக்கணும்" என்று வேறு சொன்னார்.

அந்த நிதானம்தான் எங்கள் உயிரை வாங்கியது. நான் பார்க்கப் பார்க்கவே கம்ப்யூட்டருக்கு வயது நான்கிலிருந்து எட்டானது. அதைச் சரிக்கட்டிக்கொண்டு ஓட்டுவதா, உள்ளே இருப்பதை மாற்றுவதா, முழுசாகப் புதிது வாங்குவதா? நான் அங்கே குடிவந்த முதல் நாள், கையில் பாய் தலையணையோடு வாசலில் நின்றவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"தம்பி, கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்துனாப் போதும்ங்கிறாய்ங்க. ஆனா புதுக் கார்டப் போட்டா பழைய பிராசஸர் இழுக்காது. பிராசஸர மாத்துனா மதர்போர்டு பொருந்தாது. மதர்போர்ட மாத்துனா ரேம் சேராது. இம்புட்டையும் மாத்துனா அந்தப் பெட்டிக்குள்ள அடங்காது. நீங்க என்ன சொல்றீங்க?"

"புதுசு வாங்கிருங்க மாஸ்டர்."

"வாங்கலாம். ஆனா மூணு மாசத்துல அடுத்த மாடல் வருதாம்ல?"

மூன்று மாதத்தில் அடுத்த மாடல் வந்தது. அது வந்ததும், அதற்கடுத்தது வரப்போவதாகச் செய்தி வந்தது. இப்படி ஒவ்வொரு மாடலையும் வாசலில் நின்று வரவேற்று, கையாட்டி வழியனுப்பியே நான்கு வருஷத்தை ஓட்டினார். பஸ் ஸ்டாண்டில் எல்லா பஸ்ஸையும் விட்டுவிட்டு நிற்கிற ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் பஸ் ஸ்டாண்டிலேயே வீடு கட்டிக்கொண்டவர்.

பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் கடைக்குப் போவது அவர் வழக்கம். கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் கார்டைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். அதன் முதுகில் எத்தனை காற்றாடி, எத்தனை ஓட்டை என்று எண்ணுவார். பெட்டியை எடுக்கச் சொல்லி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படிப்பார். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை இருந்தது. ஒருநாள் என் எதிரிலேயே கேட்டுவிட்டார்.

"அண்ணே, வாங்குறதா இருந்தா வாங்குங்க. இல்லாட்டி பொண்ணு பாக்க வந்த வீட்டுல தெனமும் பஜ்ஜி தின்னுட்டுப் போற மாதிரி வந்துட்டு வந்துட்டுப் போகாதீங்கண்ணே. அந்தப் பெட்டி அட்டையே நைஞ்சு போச்சு."

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நைஞ்சு போன பெட்டிய யாரும் வாங்க மாட்டாங்க. அப்ப எனக்குத்தான் இருக்கும்" என்றார்.

ஒரு கோடையில் கம்ப்யூட்டர் சூடாகித் தானாக அணைய ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்து சுத்தம் செய்தால் போதும் என்று நான் சொன்னேன். திறப்பதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டுத் திறந்தார். உள்ளே தூசி பஞ்சுமெத்தை மாதிரி கிடந்தது. பல்லி முட்டை ஓடு இரண்டு. ஒரு சுண்டல் கடலை. அதற்கெல்லாம் அடியில் பளிச்சென்று ஒரு தங்கத் திருகாணி.

அது அவர் மனைவி மேரி டீச்சரின் கம்மல் திருகாணி. காணாமல் போய் இரண்டு வருஷம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார் என்று டீச்சர் அவருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். திருகாணியை முந்தானையில் துடைத்துக் காதில் போட்டுக்கொண்டே டீச்சர் சொன்னார்: "அந்தோணியாரு அப்பவே காட்டிக் குடுத்திருப்பாரு. இந்த மனுசன்தான் ரெண்டு வருசமா மூடியத் தொறக்கல."

சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை. மாஸ்டர் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்தார். மேரி டீச்சர் வியர்வையில் குளித்தபடி அடுப்படியில் நிற்க, கம்ப்யூட்டருக்குக் காற்று வீசியது. ஈரத்துணியைச் சுவரில் தொங்கவிட்டார். அதிலும் திருப்தியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் கதவைத் தட்டினார்.

"தம்பி, கெளம்புங்க. சிறுமலைக்குப் போயிட்டு வருவோம்."

"எதுக்கு மாஸ்டர்?"

"குத்தம் கம்ப்யூட்டர் மேலயா, நம்ம ஊரு வெக்கை மேலயான்னு தெரியணும்ல. வெக்கைதான் காரணம்னா எதுக்கு வீணா மாத்தணும்?"

அடுத்த அரை மணி நேரத்தில் நான் மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டு சிறுமலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி அணைத்திருந்தார். கண்டக்டர் சாக்கைச் சந்தேகமாகப் பார்த்து, "உள்ள உசுரு எதுவும் இல்லல?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார் மாஸ்டர், முகம் வாடி.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் மானிட்டரின் முனை என் விலாவில் குத்தியது. மலைமேல் டீச்சரின் சித்தப்பா மகன் வீடு. வாழையும் மிளகும் போட்டிருந்தார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கோழி அடித்து வைத்திருந்த அந்த நல்ல மனிதரிடம், "கோழி கெடக்கட்டும் மச்சான், பிளக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார் மாஸ்டர்.

கம்ப்யூட்டர் ஓடியது. மலைக்காற்று ஜன்னல் வழியே நேராக அதன்மேல் அடித்தது. மாஸ்டர் திரையின் மூலையைப் பார்த்து, "இருபத்தி ரெண்டு!" என்று கூவினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய கார் தத்தாமல் போனது. பதினொரு நிமிஷம். பிறகு மலையில் கரண்ட் போய்விட்டது. சாயங்கால பஸ் வரும் வரை வரவில்லை. கோழிக் குழம்பு அருமையாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வேறு பலன் எதுவும் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

மாஸ்டருக்குக் கிடைத்தது. மறுநாளே பள்ளித் தாளாளரான பாதிரியாரிடம் போய், "ஃபாதர், மலை மேல நம்ம பள்ளிக்கூடம் எதுவும் இருக்கா? மாத்தல் குடுத்தா போயிருவேன்" என்றிருக்கிறார். வசதியை விட்டு மலைமக்களுக்கு ஊழியம் செய்ய ஒருவர் முன்வந்தாரே என்று ஃபாதர் நெகிழ்ந்து, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவரைப் பாராட்டிவிட்டார். கோயிலில் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரி டீச்சர் பிரசங்கம் முடியும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

நான்காம் வருஷம், விளையாட்டை நடத்துகிற கம்பெனியிலிருந்தே அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல் பழைய கம்ப்யூட்டர்களில் அந்தக் கார் ரேஸ் ஓடாது. மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை. மேரி டீச்சர் இதுதான் சமயமென்று வாசலுக்கு வந்து, காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

"வர்ற சனிக்கெழமைக்குள்ள ஒண்ணு புதுசு வாங்கணும், இல்ல இதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலன்னா நான் பொறந்த வீட்டுக்குப் போறேன்."

"போயிட்டு எப்ப வருவ?" என்று கேட்டார் மாஸ்டர், தேதி தெரிந்தால் முடிவெடுக்க வசதியாக இருக்குமே என்று.

அன்று சாயங்காலம் எல்லோரும் கடைசி வீட்டு முன்னால் கூடினோம். கடைசி வீட்டில் இருந்தவர் ஒரு தாத்தா. ஒரு காலத்தில் பூ வியாபாரம் செய்தவர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷினுமாகக் கட்டிலில் கிடந்தார். அவருடைய மருமகள் செல்விதான் கவனித்துக்கொண்டார். மாஸ்டர் வழக்கம்போல கார்டு, பிராசஸர், மதர்போர்டு என்று மூச்சுவிடாமல் விளக்கினார். மூச்சுக்குத் திண்டாடிய தாத்தா கட்டிலில் இருந்தபடியே கையை உயர்த்தினார்.

"அப்பு... நீ பூ யாவாரம் பாத்திருந்தா... ஒரு முழம் வித்திருக்க மாட்ட. அம்புட்டும் வாடியிருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் நம்ப முடியாத அந்தக் காரியம் நடந்தது. மாஸ்டர் கடைக்குப் போய் அந்த நைந்த பெட்டியை வாங்கிவிட்டார். முழுசாகப் புதிது இல்லை, கார்டு மட்டும்தான். மீதியை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்வதாம். ஆனாலும் வாங்கிவிட்டார். கடைக்காரர் அவருக்குச் சால்வை போர்த்தாத குறை. மத்தியானம் கார்டைப் பொருத்திச் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு ஓடி வந்தார். முகம் முதல் பரிசு வாங்கிய பையன் முகம் மாதிரி இருந்தது.

"தம்பி, ஒரே நிமிசம் வாங்க. ரோட்டுல மழத்தண்ணி தேங்கி நிக்கிதுல்ல, அதுல கார் லைட்டு தெரியுது! எட்டு வருசமா அது தண்ணின்னே எனக்குத் தெரியாது. தார்னு நெனச்சிட்டேன்!"

நான் சட்டையைத் தேடினேன். அந்த நொடியில் என் அறை பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. மின்விசிறி பிய்த்துக்கொண்டு போகிற வேகத்தில் சுற்றியது. மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார்.

"கம்பத்துல நியூட்ரல் கம்பி போச்சு! ஹை வோல்டேஜ்!" என்று கத்திக்கொண்டே என் வீட்டு மெயின் சுவிட்சை ஒரே அடியில் அணைத்தார்.

காம்பவுண்டு முழுக்க கரண்டை நிறுத்த வாசலில் மீட்டர் பெட்டி உண்டு. அது பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு வீடாகத்தான் ஓட வேண்டும். என் வாசலில் இருந்து இடப்பக்கம் இருபதடியில் மாஸ்டர் வீடு. மேரி டீச்சர் மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்க, யாருமில்லாத வீட்டில் அந்தப் புதுக் கார்டு ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் கடைசியில் தாத்தா.

மாஸ்டர் வலப்பக்கம் ஓடினார்.

நாற்காலியிலேயே காலத்தைத் தள்ளிய அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் நினைத்ததில்லை. விசிலை ஊதிக்கொண்டே, "எல்லாரும் மெயின ஆப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். தாத்தா வீட்டில் மிஷின் வேறு மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. செல்வி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாஸ்டர் மெயினை அணைத்தார். மிஷின் நின்றது. தாத்தாவின் கண்கள் பயத்தில் விரிந்தன.

"சிலிண்டர் இருக்கா?"

செல்வி மூலையைக் காட்டினார். அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரின் திருகு இறுகிப் போயிருந்தது. நான் திருகினேன், அசையவில்லை. மாஸ்டர் என்னைத் தள்ளிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே திருகில் திறந்தார். குழாயை மாற்றினார். தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டு, கிரவுண்டில் சொல்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"மூக்கால இழுங்க... ஒண்ணு... ரெண்டு. வாயால விடுங்க... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மறுபடி. பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்ல. ஒண்ணு... ரெண்டு..."

அப்போது முதல் வீட்டில் இருந்து 'படீர்' என்று ஒரு சத்தம் வந்தது. மாஸ்டர் ஒரு கணம் எண்ணுவதை நிறுத்தினார். "மூணு... நாலு" என்று தொடர்ந்தார்.

தாத்தாவின் உதட்டில் நிறம் திரும்பும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிய பிறகுதான் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே பிளாஸ்டிக் கருகிய நாற்றம். பெட்டியில் இருந்து மெல்லிசாகப் புகை. அவர் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"பக்கத்துல இருந்துச்சே மாஸ்டர். ஒரு எட்டு வச்சு அணைச்சிட்டு வந்திருக்கலாமே" என்றேன்.

"அங்க மிசின் ஓடிக்கிட்டு இருந்துச்சே தம்பி. யோசிக்க எங்க நேரம்?"

அவரை ஏதாவது உயர்வாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினேன். அதற்குள் அவர் புகையை விலக்கிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, பவர் சப்ளை மட்டுந்தான் போயிருக்கும்னு தோணுது. அத மட்டும் மாத்துனாப் போதும்ல?" என்றார்.

பவர் சப்ளை மட்டும் போகவில்லை. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்க்ரூ மட்டும் நல்லா இருக்குண்ணே" என்றார். மாஸ்டர் பழையபடி அலமாரி பக்கம் நகர்ந்ததும், கூட வந்திருந்த மேரி டீச்சர் அவரைத் தோளில் பிடித்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு உள்ளே வந்து, கடைக்காரரிடம் பத்தே நிமிஷத்தில் பேசி முழுசாகப் புதிய கம்ப்யூட்டர் ஒன்றை முடித்தார். அந்தப் பத்து நிமிஷமும் மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏதேதோ சைகை காட்டிக்கொண்டிருந்தார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று தாத்தா தானும் பார்க்க வேண்டும் என்றார். சிலிண்டரோடு நாற்காலியில் வைத்து நானும் மாஸ்டரும் தூக்கி வந்தோம். கார் வழுக்கிக்கொண்டு போனது. ரோட்டோரத்துப் புல் காற்றில் ஆடியது. எட்டு கார்கள் ஓடிய பந்தயத்தில் மாஸ்டர் எட்டாவதாக வந்தார்.

"இதுக்காடா... இம்புட்டு வருசம்..." என்றார் தாத்தா.

"புதுசுல்ல தாத்தா, கை பழகணும்" என்றார் மாஸ்டர்.

அடுத்த வருஷம் எனக்கு வேலை மாறி, கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டேன். இங்கே எல்லோரும் தெளிவானவர்கள். எதை வாங்கினாலும் போனிலேயே பார்த்து, போனிலேயே வாங்கி முடித்துவிடுகிறார்கள். என் கதவை யாரும் தட்டி யோசனை கேட்பதில்லை. போன மாதம் நானும் ஒரு லேப்டாப் வாங்கினேன். கடைக்குள் போனது தெரியாமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டில் வைத்துப் பெட்டியைப் பிரித்தேன். மறுபடி மூடினேன். ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "என்னய்யா இப்படி அவசரப்பட்டுட்டீங்க? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் என்னைத் திட்டித் தீர்த்தார். நான் மேரி டீச்சரிடம் இன்னொரு டீ கேட்டு வாங்கிக்கொண்டு, நாற்காலியை மாஸ்டர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.